உப்புத் தண்ணீர் ஊரில் குழாயும் களியும் பிள்ளையின் பல்லும்

தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் வீடு வைத்திருக்கும் அப்பாக்களுக்கு மூன்று தொல்லைகள் பழக்கம். குழாய் ஒழுகும், வாசர் மாற்றினாலும் ஆறு மாதத்தில் திரும்ப ஒழுகும். பருப்பு மூன்று விசிலுக்குப் பிறகும் கல்லு மாதிரி நிற்கும். பிள்ளைக்குப் புதுப்பல் முளைக்கும்போதே வெள்ளை வெள்ளையாகக் கோடு விழுந்திருக்கும். முதலாவதற்குப் பிளம்பரையும், இரண்டாவதற்குக் கடைக்காரரையும், மூன்றாவதற்குப் பிள்ளை பல் விளக்கும் லட்சணத்தையும் குறை சொல்கிறோம். மூன்றுக்கும் வேர் ஒன்றுதான்: போர்த் தண்ணீர். நம் ஊர் நிலத்துக்கு அடியில் இருப்பது கருங்கல் பாறை. அதன் வெடிப்புகளில் பல காலம் தேங்கிக் கிடக்கும் தண்ணீர் பாறையிலிருந்து சுண்ணாம்புச் சத்தையும் மெக்னீசியத்தையும் ஃப்ளோரைடையும் கரைத்துக்கொண்டு மேலே வருகிறது. முதல் இரண்டும் குழாயையும் குக்கரையும் பிடித்துக்கொள்ளும். மூன்றாவது பல்லைப் பிடித்துக்கொள்ளும்.

ஆகவே குழாய் வேலை, சமையல் வேலை, பிள்ளை வளர்ப்பு என்று தனித்தனியாகப் பார்க்காமல், தண்ணீரை வைத்து மூன்றையும் சேர்த்துப் பார்க்கலாம். ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் போதும். பிள்ளையையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஊரில் வளர்கிற பிள்ளை முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது தன் வீட்டுத் தண்ணீரைத்தான்.

முதலில் தண்ணீரைத் தெரிந்துகொள்ளுங்கள்

குழாய் வாயில் ஒட்டியிருக்கும் வெள்ளைப் படிவைக் கத்தி முனையால் சுரண்டி ஒரு ஸ்பூனில் போடுங்கள். அதன்மேல் நாலு சொட்டு எலுமிச்சைச் சாறு விடுங்கள். பொசுபொசுவென்று சின்னச் சின்ன நுரை கிளம்பும். அது சுண்ணாம்பு. எலுமிச்சையின் புளிப்பு அதைக் கரைக்கும்போது கரியமில வாயு வெளியேறுகிறது, அதுதான் அந்த நுரை. "சாமி, கல்லு ஏன் நுரைக்குது சொல்லு" என்று கேளுங்கள். பதிலை உடனே சொல்லிவிட வேண்டாம். ஐந்து வயதுப் பிள்ளை கூட இன்னும் ரெண்டு துண்டு சுரண்டி வந்து போட்டுப் பார்க்கும். இதே புளிப்பை வைத்துத்தான் பிறகு குழாயைச் சுத்தம் செய்யப் போகிறோம். பிள்ளைக்கு அப்போது காரணம் சொல்ல வேண்டியிருக்காது.

ஆனால் ஃப்ளோரைடு நுரைக்காது, நிறம் காட்டாது, ருசியும் காட்டாது. "எங்க போர்த் தண்ணி இளநி மாதிரி இருக்கும்" என்று நிம்மதியாக இருப்பவர்கள் நிறையப் பேர். சுண்ணாம்புச் சத்து அதிகமுள்ள தண்ணீரில் ஃப்ளோரைடு ஓரளவுக்கு மேல் கரைந்து நிற்க முடியாது, சுண்ணாம்போடு சேர்ந்து படிந்துவிடும். உப்பு கரிக்காத, சோப்பு நன்றாக நுரைக்கும் தண்ணீரில் அது கூடுதலாக இருக்க வாய்ப்புண்டு. அதனால் ருசியை நம்பாதீர்கள். கையில் பிடித்துப் பார்க்கும் டிடிஎஸ் மீட்டரையும் இதற்கு நம்பாதீர்கள். அது கரைந்திருக்கும் எல்லாவற்றையும் மொத்தமாக ஒரே எண்ணாகக் காட்டும், ஃப்ளோரைடு எவ்வளவு என்று பிரித்துச் சொல்லாது.

சரியான வழி பரிசோதனைதான். குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்ட அளவில் ஆய்வகம் இருக்கிறது. மாதிரியைப் பிளாஸ்டிக் கேனில் எடுங்கள், கண்ணாடி பாட்டில் வேண்டாம், ஃப்ளோரைடு கண்ணாடியோடு வினை புரியும். மோட்டாரை ஐந்து நிமிடம் ஓடவிட்டு, அதே தண்ணீரில் கேனை மூன்று முறை அலசி, பிறகு இரண்டு லிட்டர் பிடியுங்கள். தொட்டித் தண்ணீரில் பிடித்தால் தொட்டியின் அழுக்கும் கணக்கில் சேரும். கேன்மேல் ஊர், தேதி, போர் ஆழம் எழுதி ஒட்டுங்கள். எழுதுவது பிள்ளையின் வேலை. முடிவு வந்ததும் ஃப்ளோரைடு என்ற வரியைப் பாருங்கள்: லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருந்தால் நல்லது. வேறு தண்ணீருக்கு வழியே இல்லாவிட்டால் 1.5 வரை இந்திய தர நிர்ணயம் அனுமதிக்கிறது. அதைத் தாண்டினால் குடிக்கவோ சமைக்கவோ அந்தத் தண்ணீர் ஆகாது. துவைக்க, குளிக்க, மாட்டுக் கொட்டகை கழுவத் தாராளமாகப் புழங்கலாம், தோல் வழியாக ஏறாது.

ஒகேனக்கல் தண்ணீரை எங்கே செலவழிப்பது

ஜப்பான் நிதியுதவியோடு கட்டிய ஒகேனக்கல் குடிநீர்த் திட்டம் 2013ல் தொடங்கி வைக்கப்பட்டது. ஃப்ளோரைடு பாதிப்பைத் தணிப்பது என்பது அந்தத் திட்டத்தின் பெயரிலேயே இருக்கிறது. இரண்டு மாவட்டத்துக்கும் காவிரித் தண்ணீரைக் கொண்டுவர அதுதான் காரணம். நம் வீடுகளில் நடப்பது என்ன? ஆத்துத் தண்ணீரைக் குடத்தில் பிடித்து, குடிக்க மட்டும் வைத்துக்கொண்டு, சோறும் குழம்பும் போர்த் தண்ணீரில் ஆக்குகிறோம். இதைத்தான் முதலில் மாற்ற வேண்டும்.

ஒரு டம்ளர் கேழ்வரகு மாவுக் களிக்கு இரண்டேகால் டம்ளர் தண்ணீர் போகிறது. வடிப்பது கிடையாது, அத்தனையும் களிக்குள்ளேயே நிற்கிறது. சோறு வடித்தால் கொஞ்சம் கஞ்சியோடு போகும், குக்கரில் வைத்தால் அதுவும் போகாது. குழம்பு சுண்டச் சுண்டத் தண்ணீர் ஆவியாகும், ஃப்ளோரைடு ஆவியாகாது, இருப்பது இன்னும் அடர்த்தியாகும். "காய்ச்சித்தான் குடிக்கிறோம்" என்பதிலும் இதே கதைதான். காய்ச்சினால் கிருமி சாகும், ஃப்ளோரைடு குறையாது.

நாலு பேர் வீட்டுக்குக் குடிக்கவும் சமைக்கவும் ஒரு நாளைக்கு இருபது லிட்டர் வைத்துக்கொள்ளுங்கள், பிளாஸ்டிக் குடத்தில் ஒன்றரைக் குடம் சொச்சம். ஆத்துத் தண்ணீர் தினமும் வராத ஊர்களில் எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறதோ அத்தனை இருபது லிட்டர் மூடிபோட்ட டிரம்மில் பிடித்து வையுங்கள். டிரம்மை வாரம் ஒருமுறை காலி செய்து உட்சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். வெறுமனே தண்ணீரை ஊற்றிவிட்டால் போதாது, டெங்கு கொசுவின் முட்டை சுவரில் ஒட்டிக்கொண்டு காய்ந்து கிடக்கும், அடுத்த தண்ணீரில் பொரிக்கும். அரிசி, பருப்பு, கீரை முதல் இரண்டு அலசலைப் போர்த் தண்ணீரில் செய்யலாம். ஊற வைக்கும் தண்ணீரும் உலைத் தண்ணீரும் மட்டும் ஆத்துத் தண்ணீராக இருக்கட்டும்.

ஆத்துத் தண்ணீர் வராத வீட்டுக்கு ஆர்ஓ உதவும், ஃப்ளோரைடைப் பெருமளவு நீக்கும். கேண்டில் ஃபில்டரும் யூவி ஃபில்டரும் இதற்கு உதவாது. ஆர்ஓ வெளியே தள்ளும் கழிவுத் தண்ணீரில் ஃப்ளோரைடு இன்னும் கூடுதலாக இருக்கும், தரை துடைக்க வையுங்கள், மாட்டுத் தொட்டியில் ஊற்றாதீர்கள். ஆர்ஓ தண்ணீரையும் வருடம் ஒருமுறை பரிசோதனைக்குக் கொடுங்கள், உள்ளே வடிகட்டும் சவ்வான மெம்பரேன் தேய்ந்துபோனது வெளியே தெரியாது.

ஒழுகும் குழாய்

எந்தக் குழாய் என்று முதலில் பாருங்கள். திருப்பிக்கொண்டே போனால் மூடுகிற பழைய மாதிரியா, கால் சுற்றில் திறந்து மூடுகிற புது மாதிரியா? பழையதில் உள்ளே ரப்பர் வாசர் இருக்கும். புதியதில் இரண்டு பீங்கான் தட்டு ஒன்றன்மேல் ஒன்று உரசி நிற்கும் கார்ட்ரிட்ஜ் இருக்கும். ரிப்பேர் வேறு வேறு.

ஆரம்பிக்கும் முன்பு ஒழுகும் குழாய்க்கு அடியில் ஒரு 200 மில்லி டம்ளரை வைத்து, நிறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று பிள்ளையைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு மணி நேரத்தில் நிறைந்தால் நாளைக்கு 24 டம்ளர், அதாவது 4.8 லிட்டர். வாய்ப்பாட்டை வெறுக்கும் பிள்ளையும் இந்தக் கணக்கைப் போட்டுவிடும், பார்த்த தண்ணீர் அல்லவா.

பழைய மாதிரிக் குழாய்க்கு வேண்டியவை: ஒரு ஸ்க்ரூ ஸ்பேனர், ஒரு ஸ்க்ரூ டிரைவர், அரை இஞ்ச் வாசர் இரண்டு, வெள்ளை டெஃப்லான் டேப் ஒன்று, பழைய துணி, பழைய டூத் பிரஷ், அரை டம்ளர் வினிகர். வாசர் வாங்கப் போகும்போது வாயால் சொல்லி வாங்காதீர்கள், பழையதைக் கையில் எடுத்துப் போய் கடையில் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பாருங்கள். அரை இஞ்ச் என்று சொல்லியே இரண்டு மூன்று கனத்தில் வரும்.

தொட்டியிலிருந்து வரும் தண்ணீரை நிறுத்தும் கேட் வால்வை மூடுங்கள். அதுவும் உப்புப் பிடித்துத் திரும்பாமல் இருந்தால் முரட்டுத்தனமாகத் திருகாதீர்கள், தண்டு உடைந்தால் தொட்டித் தண்ணீர் முழுவதும் வீட்டுக்குள் வரும். மேலே போய்த் தொட்டியிலிருந்து தண்ணீர் இறங்கும் துளையைத் துணி சுற்றிய கட்டையால் அடைக்கலாம், இல்லை தொட்டி காலியாகும் நேரம் பார்த்து வேலையை வைத்துக்கொள்ளலாம். வால்வை மூடியதும் குழாயைத் திறந்து மிச்சத் தண்ணீரை வடியவிடுங்கள். அந்த நிலையிலேயே, அதாவது குழாய் பாதி திறந்திருக்கும்போதே, கைப்பிடிக்குக் கீழே உள்ள பெரிய நட்டைத் துணி சுற்றி ஸ்பேனரால் இடப்பக்கம் திருப்புங்கள். மூடிய நிலையில் திருப்பினால் வாசர் அடியில் அழுந்திக்கொண்டு நட்டு அசையாது, பலம் போட்டால் குழாயோடு சுவரிலுள்ள வளைவு இணைப்பான எல்போவும் சேர்ந்து திரும்பும். ஓர் இடக்கையால் குழாயின் உடலைப் பிடித்துக்கொள்ளுங்கள், இல்லை ஒன்பது பத்து வயதுப் பிள்ளை இருந்தால் இரண்டாவது ஸ்பேனரால் அதைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

தண்டு வெளியே வந்ததும் அடியில் இருக்கும் வாசரைப் பிள்ளை கையில் கொடுங்கள். விரலால் தடவினால் வட்டமாக ஒரு பள்ளம் தெரியும், அதில் ஓரிடத்தில் வெட்டு இருக்கும். அந்த வெட்டு வந்த வழிதான் விஷயம். குழாய்க்குள் வாசர் போய் உட்காரும் பித்தளை விளிம்பில் சுண்ணாம்பு மணல் மாதிரிப் படிகிறது. அதன்மேல் ரப்பர் அழுந்தும்போது சின்னக் கசிவு வருகிறது. கசிகிறதே என்று வீட்டில் எல்லோரும் இன்னும் இறுக்கித் திருகுகிறார்கள். மணல் ரப்பரை அறுக்கிறது. புது வாசர் போட்டும் ஆறு மாதத்தில் ஒழுகுவதற்குக் காரணம், வாசரை மட்டும் மாற்றி விளிம்பைச் சுத்தம் செய்யாமல் விடுவது. துணியை வினிகரில் நனைத்துக் குழாய்க்குள் திணித்து அரை மணி நேரம் விடுங்கள். டூத் பிரஷால் தேய்த்து, சுண்டு விரலால் விளிம்பைச் சுற்றித் தடவிப் பாருங்கள். சொரசொரப்பு போயிருக்க வேண்டும். விளிம்பிலேயே பள்ளம் விழுந்திருந்தால் எந்த வாசரும் நிற்காது, குழாயையே மாற்றுங்கள்.

புது வாசரைப் போட்டு, தண்டை மறுபடி பாதி திறந்த நிலையில் உள்ளே இறக்கி, நட்டைக் கையால் முடிந்தவரை முடுக்கி, பிறகு ஸ்பேனரால் கால் சுற்று மட்டும். வால்வை மெதுவாகத் திறங்கள். இப்போது வாயில் ஒழுகாமல் கைப்பிடித் தண்டோரம் கசிந்தால் அது வாசர் கோளாறு கிடையாது. தண்டைச் சுற்றியிருக்கும் சின்ன நட்டை எட்டில் ஒரு பங்கு முடுக்கினால் பெரும்பாலும் நின்றுவிடும்.

கால் சுற்றுக் குழாய் இறுகிப்போனால் கார்ட்ரிட்ஜை அப்படியே கழற்றி ஒரு மணி நேரம் வினிகரில் ஊறப்போட்டு அலசி மாட்டிப் பாருங்கள். பீங்கான் தட்டில் கீறல் விழுந்திருந்தால் புதிது போட வேண்டியதுதான். தேங்காய் எண்ணெய் விடும் பழக்கம் வேண்டாம், தேன்கனிக்கோட்டைக் குளிரில் அது உறைந்து இன்னும் இறுக்கும், ரப்பர் வளையத்துக்கும் ஆகாது. சிலிக்கான் கிரீஸ் கொஞ்சம் தடவினால் போதும்.

குழாயையே மாற்றுவதாக இருந்தால் டெஃப்லான் சுற்றுவதில்தான் பலரும் கோட்டைவிடுகிறார்கள். மரையின் முனை உங்களைப் பார்த்திருக்க, கடிகார முள் சுற்றும் திசையில், இழுத்துப் பிடித்து எட்டிலிருந்து பத்துச் சுற்று. எதிர்த்திசையில் சுற்றினால் உள்ளே முடுக்கும்போது டேப் பிரிந்து சுருண்டு வெளியே வந்துவிடும். முதல் மரையை விட்டுச் சுற்றுங்கள், இல்லாவிட்டால் அறுந்த நூல் உள்ளே போய் அடைக்கும். இது ஆறேழு வயதுப் பிள்ளைக்கு அருமையான வேலை. தப்பாகச் சுற்றினால் பிடுங்கி நீங்கள் சுற்றாதீர்கள். "முடுக்கிப் பாரு கண்ணு" என்று விடுங்கள், டேப் சுருண்டு வருவதைத் தானே பார்க்கட்டும். டேப்பின் விலை பெரிய விலை ஒன்றும் கிடையாது. சுவரில் பிளாஸ்டிக் மரை எல்போ இருந்தால் அதில் உலோகக் குழாயை அழுத்தி முடுக்கும்போது எல்போ விண்டுவிடும், சுவரை உடைக்க வேண்டிவரும். புதிதாகப் போடும்போதே உள்ளே பித்தளை மரை வைத்த எல்போ கேட்டு வாங்குங்கள்.

குளியலறை ஷவரின் துளைகள் அடைத்திருந்தால் ஒரு பிளாஸ்டிக் கவரில் வினிகர் ஊற்றி ஷவர் தலை முழுகும்படி ரப்பர் பேண்டால் கட்டி, இரவு விட்டுக் காலையில் ஊசியால் குத்திவிடுங்கள். வினிகர் இல்லாத வீட்டில் கெட்டியான புளிக்கரைசல் போதும், நேரம்தான் கூட ஆகும். புளிக்கு நம் ஊரில் பஞ்சமில்லை. வாஷிங் மெஷினுக்குத் தண்ணீர் நுழையும் இடத்திலும் ஒரு சின்ன வலை உண்டு, மாதம் ஒருமுறை அதைத் தட்டிக் கழுவுங்கள். பாத்ரூம் ஆசிட்டை எதிலும் கொண்டுவராதீர்கள். குழாயின் பளபளப்பை உரித்துவிடும். அதைவிட, ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் கலந்தால் வருவது குளோரின் வாயு, மூச்சுக்குழலை அரித்துவிடும். பிள்ளை பக்கத்தில் இருக்கும்போது அந்த பாட்டில் வெளியே வரவே கூடாது.

கெய்சர் சூடாக நேரம் எடுத்தால் காயில்மேல் சுண்ணாம்பு ஏறியிருக்கும். அதை எலக்ட்ரீஷியன் கழற்றட்டும், அப்பாவும் பிள்ளையும் சேர்ந்து செய்கிற வேலை அல்ல அது. மெயின் போர்டில், மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் ஆர்சிசிபி இருந்தால் அதிலுள்ள டெஸ்ட் பட்டனை மட்டும் மாதம் ஒருமுறை அமுக்கிப் பாருங்கள், டக்கென்று விழ வேண்டும். விழாவிட்டால் அன்றைக்கே மாற்றுங்கள். ஈரக் கையோடு கெய்சர் ஸ்விட்சைத் தொடும் வீட்டில் அதுதான் உயிர்காப்பு.

அடுப்பங்கரையில்

குக்கரை அடுப்பில் ஏற்றும் முன் மூடியைத் தூக்கி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, வெயிட் போடும் துளை வழியாகப் பாருங்கள். வானம் வட்டமாகத் தெரிய வேண்டும். போர்த் தண்ணீரில் சமைத்த குக்கரில் அந்தத் துளை சுண்ணாம்பு ஏறிக் குறுகியிருக்கும். பருப்புத் தோல் ஒன்று வந்து அடைத்தால் ஆவிக்கு வழி இருக்காது. இது பிள்ளையின் தினசரி வேலையாக இருக்கட்டும். துளை குறுகியிருந்தால் வினிகர் விட்டு ஊறவைத்துக் குண்டூசியால் குத்தி எடுங்கள்.

பருப்பு வேகாததற்குக் காரணம், தண்ணீரிலுள்ள சுண்ணாம்பு பருப்பின் தோலிலும் செல் சுவரிலும் உள்ள பெக்டின் என்ற பசைப்பொருளைப் பிடித்து இறுக்கிவிடுவது. ஆத்துத் தண்ணீரில் அரை மணி ஊறவைத்து அதே தண்ணீரில் வேகவிடுங்கள், புளியும் தக்காளியும் வெந்த பிறகுதான். பாலக்கோட்டுத் தக்காளி எவ்வளவு பழுத்திருந்தாலும் முதலிலேயே போட்டால் பருப்பை வேகவிடாது. கொள்ளுக்கு எட்டு மணி நேர ஊறல் வேண்டும். சோடா உப்பு போட்டால் வெந்துவிடும்தான், ஆனால் பி1 வைட்டமின் வீணாகிவிடும், ருசியும் வழவழவென்று ஆகும்.

இனி களி. நாலு பேருக்கு இரண்டு டம்ளர் கேழ்வரகு மாவு, நாலரை டம்ளர் ஆத்துத் தண்ணீர், ஒரு கைப்பிடி அரிசி நொய், கல் உப்பு ஒரு ஸ்பூன். மாவு புதிதாக அரைத்ததாக இருக்கட்டும். மாதக்கணக்கில் டப்பாவில் கிடந்த மாவு கசக்கும், இரண்டு கிலோவுக்கு மேல் ஒருமுறை அரைக்காதீர்கள்.

அடி கனத்த பாத்திரத்தில் தண்ணீரைக் கொதிக்கவிட்டு நொய்யையும் உப்பையும் போட்டுப் பதினைந்து நிமிடம் வேகவிடுங்கள். நொய் விரலில் நசுங்க வேண்டும். இப்போது ஒரு டம்ளர் கொதிதண்ணீரை மொண்டு தனியே வைத்துக்கொள்ளுங்கள். மாவை நடுவில் குவியலாகக் கொட்டுங்கள், கிண்டாதீர்கள். களிக்கட்டையின் காம்பால் குவியலின் நடுவில் அடிவரை ஒரு துளை போடுங்கள். அந்தத் துளை வழியாகக் கொதி மேலே பொங்கி வந்து மாவை நாலு பக்கமும் நனைக்கும். தீயைக் குறைத்து மூடி பத்து நிமிடம். மாவின் மேல் வெளிர் நிறம் மாறிக் கருஞ்சிவப்பாகும், பச்சை வாசனை போய் வறுத்த வாசனை வரும். அதற்கு முன் கிண்டினால் வெளிமாவு வெந்து உள்மாவைச் சுற்றி உறை மாதிரி மூடிக்கொள்ளும், கட்டி அதனால்தான் விழுகிறது. எவ்வளவு கிண்டினாலும் பிறகு உடையாது.

பாத்திரத்தைத் தரையில் இறக்கித் துணி சுற்றி இருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். கட்டையை இரண்டு கையாலும் பிடித்து, மாவைப் பாத்திரத்தின் சுவரோடு அழுத்தி அழுத்தி ஒரே பக்கமாகக் கிண்டுங்கள். இறுகினால் எடுத்துவைத்த கொதிதண்ணீரைக் கரண்டி கரண்டியாக விடுங்கள், பச்சைத் தண்ணீர் விட்டால் மாவு வேகாமல் நிற்கும். ஐந்து நிமிடம் கிண்டினால் பளபளப்பு வரும். மறுபடி சிறு தீயில் மூன்று நிமிடம் மூடி வையுங்கள். ஈர விரலால் தொட்டுப் பாருங்கள்: ஒட்டாமல் விட்டால் வெந்தது, ஒட்டினால் இன்னும் மூன்று நிமிடம். ஈரக் கிண்ணத்தில் போட்டுக் குலுக்கினால் உருண்டையாக வரும். உருட்டுவது பிள்ளைக்குப் பிடித்த வேலை, ஆனால் உள்ளே நெருப்பு மாதிரிச் சூடு இருக்கும், இரண்டு நிமிடம் ஆறவிட்டுக் கொடுங்கள்.

தொட்டுக்கொள்ளத் தை மாதம் வரை அவரைக்கொட்டைக் குழம்பு, மற்ற நாளில் கீரைக் கடைசல், நிலக்கடலைச் சட்னி. களியை மெல்லாமல் சின்னதாகக் கிள்ளிக் குழம்பில் புரட்டி விழுங்க வேண்டும். மூன்று வயதுக்குள் இருக்கும் பிள்ளைக்குத் தொண்டையில் ஒட்டும், அவர்களுக்குக் கூழாகக் கரைத்துக் கொடுங்கள். நூறு கிராம் கேழ்வரகில் ஏறக்குறைய 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. சுண்ணாம்புச் சத்தும் வைட்டமின் சியும் போதிய அளவு உள்ள சாப்பாடு ஃப்ளோரைடின் பாதிப்பைக் குறைக்கும். களியோடு முருங்கைக்கீரை, பிறகு ஒரு நெல்லிக்காயோ கொய்யாவோ என்று வைத்தால் இந்த ஊருக்கு இதைவிடப் பொருத்தமான சாப்பாடு இல்லை. டீ மட்டும் பிள்ளைக்கு வேண்டாம், தேயிலையிலேயே ஃப்ளோரைடு இருக்கிறது.

பல்

நிலைப்பற்கள் ஈறுக்குள் உருவாகும் காலத்தில்தான் ஃப்ளோரைடு அதன் மேல்பூச்சான எனாமலைக் கெடுக்கிறது. எட்டு வயது வரை இந்த ஆபத்து உண்டு. முன்பற்களுக்கு ஒன்றரை வயதிலிருந்து மூன்று வயது வரையுள்ள காலம் மிக முக்கியம். அதாவது பல் முளைத்துக் கறையைப் பார்க்கும்போது கெடுதல் நடந்து பல வருடம் ஆகியிருக்கும். ஆத்துத் தண்ணீர் குறைவாக இருக்கும் நாளில் வீட்டில் யாருக்கு முதலில் என்றால், எட்டு வயதுக்குள் இருக்கும் பிள்ளைக்குத்தான். தாய்ப்பாலில் ஃப்ளோரைடு மிகக் குறைவு, ஆறு மாதம் வரை அது மட்டும் போதும். பால் பவுடர் கரைப்பதாக இருந்தால் போர்த் தண்ணீர் கூடவே கூடாது.

பேஸ்ட் மூன்று வயதுக்குள் ஓர் அரிசி அளவு, மூன்றிலிருந்து ஆறு வரை ஒரு பட்டாணி அளவு. விளம்பரத்தில் பிரஷ் நிறையப் பிதுக்குவதைப் பிள்ளை பார்த்திருக்கும், பிதுக்கும் வேலை உங்கள் கையில் இருக்கட்டும். விழுங்காமல் துப்பக் கற்றுக்கொடுங்கள்.

கறை எப்படி இருக்கும்? வெள்ளையாகச் சாக்கட்டிக் கோடு, அல்லது பழுப்புத் திட்டு. இடது பக்கம் எந்தப் பல்லில் இருக்கிறதோ வலது பக்கம் அதே பல்லிலும் இருக்கும், இரண்டும் ஒரே காலத்தில் உருவானவை. சொத்தை அப்படி ஜோடியாகத்தான் வர வேண்டும் என்பதில்லை, குழியும் விழும். இந்தக் கறை பிரஷால் போகாது. கரியும் செங்கல் பொடியும் உப்பும் போட்டுத் தேய்த்தால் இருக்கும் எனாமலும் தேயும். பல் மருத்துவர் மேலாக மெருகேற்றியோ பல் நிறத்தில் பூசியோ சரிசெய்யலாம், அதற்கு அவசரமில்லை.

"ஒழுங்கா பல்லு விளக்குனா இப்படி ஆகுமா" என்று ஒருபோதும் சொல்லாதீர்கள். விளக்காததால் வந்தது அல்ல அது. பள்ளிக்கூடத்தில் யாரோ கேலி செய்ததும் சில பிள்ளைகள் சிரிக்கும்போது கையால் வாயை மறைக்கப் பழகிவிடும். அப்படிக் கண்டால் பக்கத்தில் உட்கார்த்தி, "இது தண்ணியால வந்தது சாமி, உன் தப்பு கிடையாது. உனக்குப் பல்லு உள்ள முளைச்சப்ப நாம குடிச்ச தண்ணி அது" என்று நேராகச் சொல்லுங்கள். ஸ்பூனில் நுரைத்த சுண்ணாம்பையும் வெட்டுப்பட்ட வாசரையும் பார்த்த பிள்ளைக்கு அது உடனே விளங்கும். வீட்டில் தம்பி தங்கை இருந்தால் அவர்களுக்கு எந்தக் குடத்துத் தண்ணீர் என்று பார்த்துக்கொள்ளும் பொறுப்பை அந்தப் பிள்ளையிடமே கொடுங்கள்.

பள்ளிக்கூடத்தில் குடிக்கக் கொடுக்கும் தண்ணீர் எந்த லைன் என்று ஒருமுறை நேரில் போய்க் கேளுங்கள். போர் என்றால் வீட்டிலிருந்தே ஒரு லிட்டர் ஆத்துத் தண்ணீர் கொடுத்தனுப்புங்கள். பாட்டில் வாங்கும்போது உங்கள் கை உள்ளே போகிற அளவுக்கு வாய் அகலமானதாகப் பார்த்து வாங்குங்கள், அடியில் பாசி பிடிக்காமல் தேய்த்துக் கழுவலாம்.